அந்த டிசம்பரில் டி.வி.யில் விழுந்த கோடுகள்

பிள்ளைகளே,

உங்கள் இருவருக்கும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் பெரிய எழுத்தாக, வரிக்கு வரி இடம் விட்டு எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்லாதீர்கள். அம்மாவுக்கு இந்த விஷயம் முன்பே தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. உங்களிடம் நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

நம் கேபிள் பாயை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒல்லியாக, தாடி வைத்துக்கொண்டு, தோளில் ஒரு சுருள் கறுப்பு ஒயரை மாலை மாதிரி மாட்டிக்கொண்டு மொபெட்டில் வருவாரே, அவர்தான். குஷாய்குடாவில் நம் தெருவுக்கும் அடுத்த இரண்டு தெருவுக்கும் அவர்தான் கேபிள் கொடுத்தார். ஒரு மளிகைக் கடையின் பின்னறைதான் அவருடைய ஆபீஸ். மற்ற கேபிள்காரர்கள் தெலுங்கும் இந்தியும் மட்டும் கொடுத்த காலத்தில், நம்மைப் போல நாலைந்து தமிழ் வீடுகளுக்காக இரண்டு தமிழ்ச் சேனல்களை எங்கிருந்தோ பிடித்துக் கொடுத்தவர். நம் வீடுகளுக்கு வந்து வந்தே தமிழும் கற்றுக்கொண்டார். பாதி தக்கனி உருது, பாதி தமிழ். "டேஸ்ட்டுக்கு நானும் கொஞ்சம் உங்க சீரியல் பாக்கறேன் சாப், எல்லாரும் அழுவுறாங்க, கைக்குன்னுதான், எதுக்குன்னுதான் புரியல" என்பார்.

அவருடைய பிழைப்பு நம் வீட்டால் போயிற்று. நம் வீட்டால் என்றால் என்னால். அதைத்தான் எழுத வந்தேன்.

நான் வேலை பார்த்தது பெரிய எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் என்பதால் தெருவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. உள்ளே நான் என்ன செய்தேன் என்பது யாருக்கும் தெரியாது. நான் டிஸ்பாட்ச்சில் இருந்தேன். மற்றவர்கள் செய்து முடித்த பெட்டிகளைத் தெர்மாகோல் வைத்து மரப்பெட்டியில் இறக்கி, ஆணி அடித்து, மேலே விலாசம் எழுதி லாரிக்கு அனுப்புவேன். அவ்வளவுதான். ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். யார் வீட்டில் ப்யூஸ் போனாலும் என்னைக் கூப்பிடுவார்கள். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் கண்டென்சர் மாற்றித் தருவேன். மாற்றிவிட்டு, ஏதோ அந்த விசிறியை நானே கண்டுபிடித்தவன் மாதிரி கீழே நின்று பார்ப்பேன். "சார் பெரிய கம்பெனியில இருக்காரு, அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கீழே இருந்த வீட்டு ஓனரம்மா எல்லாரிடமும் சொல்வார். எனக்கும் அது பிடித்திருந்தது.

பெரியவளே, நீ ஒன்பதாவது படித்த வருடம். கிறிஸ்துமஸுக்காகக் கோயிலில் யாரோ கடையில் வாங்கிய ஸ்டார் தொங்கவிட்டிருந்தார்கள், அது மின்னி மின்னி எரிந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்து சின்னவன் இரண்டு நாள் அடம் பிடித்தான். நாம் எப்போதும் மூங்கில் பிளாச்சில் கலர் காகிதம் ஒட்டி, உள்ளே ஒரு பல்பு போட்டு, அட்வென்ட் முதல் ஞாயிறன்று மாடியில் ஏற்றுவோம். அது மின்னாது. "மின்னுற மாதிரி நான் செஞ்சு தர்றேன்டா" என்றேன்.

டியூப்லைட் ஸ்டார்ட்டரை பல்போடு தொடராக இணைத்தால் பல்பு அணைந்து அணைந்து எரியும். இது எல்லா எலக்ட்ரீஷியனுக்கும் தெரிந்த வித்தை. நானும் பழைய ஸ்டார்ட்டர் ஒன்றை எடுத்து இணைத்தேன். மின்னவில்லை, ஒரே சீராக எரிந்தது. ஸ்டார்ட்டரின் அலுமினிய டப்பியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கண்ணாடிக் குமிழுக்குப் பக்கத்தில் மிட்டாய் அளவுக்கு ஒரு சின்னக் கண்டென்சர், உப்பிப்போய் இருந்தது. அது எதற்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாதது என்றால் தேவையில்லாதது என்று நினைத்துவிட்டேன். கட்டிங் பிளேயரால் வெட்டி எறிந்தேன். உடனே நட்சத்திரம் அழகாக மின்னத் தொடங்கியது. நீங்கள் இருவரும் கீழே வாசலில் நின்று கை தட்டினீர்கள்.

இன்னொன்றும் செய்தேன். நம் போர்ஷனிலிருந்து மொட்டைமாடிக்கு ஒயர் இழுக்க நீளம் போதவில்லை. மாடிப்படி விளக்கு பொதுவானது, ஓனரம்மா மீட்டரில் ஓடுவது. அவரிடம் கேட்டுக்கொண்டு அதிலிருந்தே நட்சத்திரத்துக்கு லைன் எடுத்தேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் ஒரு இரும்புக் குழாய் நட்டிருந்தது. தெருவிலிருந்து வரும் பாயின் கேபிள் அந்தக் குழாயில் கட்டப்பட்டு, அங்கிருந்து நம் காம்பவுண்டின் மூன்று வீட்டுக்கும் பிரிந்து இறங்கும். நட்சத்திரத்தையும் அதே குழாயின் உச்சியில் ஏற்றினேன். ஒயர் காற்றில் ஆடாமல் இருக்கக் கேபிளோடு சேர்த்து முறுக்கிக் கட்டினேன். வேலை சுத்தமாக இருந்தது என்று எனக்கே திருப்தி.

திங்கட்கிழமை சாயங்காலம் கீழிருந்து ஓனரம்மாவின் குரல். தெலுங்கில் கத்தினார்: "பாபு, டி.வி.க்கு ஜுரம் வந்துடுச்சு, வந்து பாரு!"

படத்தின் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். யாரோ சுண்ணாம்பைத் தொட்டுக் கிழித்த மாதிரி. கூடவே 'கர்ர்' என்று ஒரு சத்தம். ஒரு நொடி வரும், போகும், மறுபடி வரும். கீழ்ச் சேனல்களில் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. தமிழ்ச் சேனல் இரண்டுமே கீழே இருந்ததால் நமக்குத்தான் மிகவும் மோசம். கீழே பின்பக்கப் போர்ஷனில் இருந்த பேங்க் சாரும் வந்து "மா இண்ட்லோ கூடா" என்றார். அவர் வீட்டிலும் அப்படியே.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் டெஸ்டரை எடுத்துக்கொண்டேன்.

முறையாகத்தான் பார்த்தேன் என்று அன்று நினைத்தேன். நம் டி.வி.யை ஓனரம்மா ஹாலிலிருந்து இழுத்த எக்ஸ்டென்ஷனில் ஓட்டினேன். பிறகு நம் போர்ஷனின் ப்யூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவினேன். ஃபிரிட்ஜ், மோட்டார், சமையலறை, கடைசியில் மெயினையே அணைத்தேன். கோடு போகவில்லை. கீழே இரண்டு வீட்டிலும் மிக்ஸி, கிரைண்டர், விசிறி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். கோடு போகவில்லை. வாசலில் வந்து நின்று, "நம்ம ஒயரிங்ல எந்தக் கோளாறும் இல்லை. ஒரு சொட்டு கரண்ட் இல்லாமப் பண்ணிப் பாத்துட்டேன். இது கேபிள்காரன் கோளாறு" என்றேன்.

அதைச் சொன்னபோது என் தலைக்கு நேர் மேலே நட்சத்திரம் மின்னிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் மூன்று வீட்டாரும் அதன் வெளிச்சத்தில்தான் நின்று பேசினோம். எதை எதையோ அணைக்கச் சொன்ன எனக்கு அதை அணைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அது கரண்டில் எரிகிற பொருள் என்றே எனக்கு நினைவில்லை. நட்சத்திரம் என்றால் நட்சத்திரம்.

பாய் மறுநாள் காலையில் வந்தார். எல்லா இணைப்பையும் கழற்றி மாட்டினார், படம் கண்ணாடி மாதிரி இருந்தது. "பகல்ல ஒண்ணுமில்ல சாப்" என்றார். அதற்கு அடுத்த நாளும் பகலில் வந்தார், ஒன்றுமில்லை என்றார். சாயங்காலம் ஆறு மணிக்கு நாம் விளக்குப் போட்டதும் கோடு வரும். அந்த நேரத்தில்தான் எல்லாரும் டி.வி. பார்க்க உட்காருவார்கள் என்பதால் பகலுக்கும் சாயங்காலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் யோசிக்கவில்லை. "பகல்ல வந்து சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடறான், நல்ல தந்திரம்" என்றார் பேங்க் சார். ஓனரம்மாவும் அவரை வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு நானே போன் பண்ணி அவரை வரவழைத்தேன். தொழுகை முடித்து நேராக வந்திருந்தார் போல, தொப்பி பையில் துருத்திக்கொண்டிருந்தது. ஓனரம்மா வீட்டில் நின்று படத்தைப் பார்த்தார். கோடு வந்தது, போனது, வந்தது. விரலால் தொடையில் தாளம் போட்டு எண்ணினார். பிறகு வாசலுக்கு வந்து மேலே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நீங்கள் இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களையும் பார்த்தார்.

"இன்னா பாய், மேல பாத்துகினு நின்னா சரியாயிடுமா?" என்று கேட்டேன்.

"இல்ல சாப், பாக்கறேன்."

"இன்னாத்தப் பாக்கறீங்க?"

அவர் வாயைத் திறந்தார். நான் விடவில்லை. மூன்று வீட்டாரும் நிற்கிறார்கள், தெருவில் போகிறவர்களும் நின்றுவிட்டார்கள், எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. இதை எழுதும்போது கை நிற்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். நான் சொன்னேன்: "வருஷம் பூரா நல்லாத்தானே ஓடுது? எங்க பண்டிகை வந்தா மட்டும் உனக்கு லைன் கெட்டுப்போவுதா?"

அதுவரை அவரை நான் ஒருமையில் பேசியதில்லை. பேசியது ஒருமை மட்டும் இல்லை. என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்தது. ஓனரம்மா கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

பாய் வாயை மூடிக்கொண்டார். ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, "காலைல வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நான் வேலைக்குப் போன பிறகு வந்திருக்கிறார். கேபிளைக் குழாயிலிருந்து அவிழ்த்து, மொட்டைமாடியின் அந்தப் பக்க மூலையில் ஓர் ஆணி அடித்து அதில் கட்டிவிட்டுப் போயிருந்தார். அன்றும் மறுநாளும் கோடு மெலிந்திருந்தது, இருந்தாலும் பார்க்க முடிந்தது. ஆனால் கேபிள் அம்மா துணி காயப்போடும் இடத்துக்குக் குறுக்கே தொய்ந்து கிடந்தது. மூன்றாம் நாள் எனக்கு எரிச்சல். "வேலை செய்யற லட்சணத்தப் பாரு" என்று திட்டிக்கொண்டே திரும்பவும் பழைய குழாயிலேயே, நட்சத்திர ஒயரோடு சேர்த்து, கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டினேன். அன்று சாயங்காலம் கோடு பழையபடி வந்தது. நான் எல்லாரிடமும் போய், "பாத்தீங்களா, ரெண்டே நாள்" என்றேன்.

அந்தச் சமயம்தான் பெரிய கேபிள் கம்பெனி ஒன்று தெருத் தெருவாக வந்துகொண்டிருந்தது. அவர்களும் தமிழ்ச் சேனல் தருவதாகச் சொன்னார்கள். மாறிவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். நம் காம்பவுண்டில் சொன்னதோடு நிற்கவில்லை. நம் தெருவில் பல வீட்டில் கோடே இல்லை, ஆனாலும் "இன்னிக்கு எங்களுக்கு, நாளைக்கு உங்களுக்கு" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசினேன். பெரிய கம்பெனியில் வேலை செய்கிறவர் சொல்கிறார் என்று அவர்களும் தலையாட்டினார்கள்.

இது காதுக்குப் போய், பாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் வீட்டுக்கு வந்தார். நாம் கோயிலிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்றார்.

"சாப், இந்தத் தெருதான் என் லைன்ல பாதி. நீங்க போனா எல்லாம் போகும். அது போனா மத்த ரெண்டு தெருவை வெச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஜனவரி வரைக்கும் பொறுங்க. ஜனவரில தானா சரியாப்போகும்."

"தானா எப்படிங்க சரியாப்போகும்?"

"போகும் சாப். நான் கியாரண்டி."

"இன்னா கோளாறுன்னு சொல்லுங்க, பொறுக்கறேன்."

அவர் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அது நக்கோ சாப், வேணாம். ஜனவரி வரைக்கும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"கோளாறு இன்னதுன்னே தெரியாத ஆள நம்பி எப்படி இருக்கறது?" என்று சொல்லிவிட்டு நான் கை கழுவப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை. "தண்ணி கூடக் குடிக்காமப் போயிட்டாருங்க" என்றாள் அம்மா.

புது வருஷ ஆராதனை முடிந்து இரண்டு நாள் கழித்து நட்சத்திரத்தை இறக்கினோம். அந்த வாரமே புதுக் கேபிள் வந்தது. படம் பளிச்சென்று இருந்தது. "நான் சொன்னேன்ல?" என்று நான் கேட்க, "நீ சொன்னா சரியாத்தானே இருக்கும் பாபு" என்றார் ஓனரம்மா. ஒரு மாதத்துக்குள் தெருவே மாறிவிட்டது. பாய் ஏணியைச் சாய்த்து, கம்பம் கம்பமாகத் தன் ஒயரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போனதை நான் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் அடுத்ததில் இறங்கி நடந்து வந்தேன்.

அடுத்த டிசம்பர். அதே நட்சத்திரத்துக்குப் புதுக் காகிதம் ஒட்டி, அதே ஸ்டார்ட்டரோடு ஏற்றினேன். சாயங்காலம் கோடு வந்தது. பெரிய கேபிள் கம்பெனிக்குப் போன் பண்ணினால் எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் மாடிப்படி விளக்கின் ப்யூஸ் போயிற்று. நான் இருட்டில் படிக்கட்டில் நின்று கட்டையில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அம்மா, "இன்னாங்க, கோடு போயிடுச்சு!" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான் கட்டையைச் சொருகினேன். விளக்கு எரிந்தது. "அய்ய, வந்துடுச்சுங்க" என்றாள். உருவினேன். "போச்சு." சொருகினேன். "வந்துச்சு. இன்னாங்க பண்றீங்க?"

சின்ன பேட்டரி ரேடியோவை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். எந்த ஸ்டேஷனும் வராத இடத்தில் முள்ளை நிறுத்தி, குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். நட்சத்திரம் எரியும்போது ஒரு 'கர்ர்', அணையும்போது ஒரு 'கர்ர்'. நகர்ந்து அந்தப் பக்க மூலைக்குப் போனேன். சத்தம் குறைந்தது. அங்கே சுவரில் பாய் அடித்த ஆணி அப்படியே இருந்தது. அவர் ஏன் அங்கே கட்டினார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜனவரி வரை ஏன் பொறுக்கச் சொன்னார் என்பதும் புரிந்தது.

மறுநாள் ஆலையில் டெஸ்டிங் பிரிவில் இருந்த நம் ஊர்க்கார டெக்னீஷியனிடம், யாருக்கோ நடந்த மாதிரி கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "ஸ்டார்ட்டர்ல அந்தக் கண்டென்சரை வெச்சதே டி.வி., ரேடியோவுக்குத் தொந்தரவு போகாம இருக்கத்தாண்ணே. காவலுக்கு நின்ன நாயை அடிச்சுத் துரத்திட்டு, திருடன் வந்துட்டான்னு கத்தியிருக்கான் ஆளு. யாருண்ணே அந்த மேதாவி?"

"தெரிஞ்சவரு" என்றேன்.

ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் பல்பு போட்டேன். சின்னவனே, ஸ்டார் ஏன் மின்னவில்லை என்று நீ அன்று தெலுங்கில் கேட்டாய்: "டாடி, ஸ்டார் எந்துக்கு பிளிங்க் அவ்வட்லேது?" ஸ்டார்ட்டர் கெட்டுப்போச்சு, கடையில் கிடைக்கவில்லை என்றேன். அப்போது அது என் பேண்ட் பையில்தான் இருந்தது. அதன் பிறகு நம் வீட்டு நட்சத்திரம் ஒரு வருடமும் மின்னவில்லை, நீங்களும் வளர்ந்து, கேட்பதை விட்டுவிட்டீர்கள்.

அம்மா மட்டும் விடவில்லை. "போயி பாய்கிட்ட சொல்லிடுங்க. கீழேயும் சொல்லிடுங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று ஒரு வாரம் கேட்டாள். ஒரு சனிக்கிழமை மளிகைக் கடைக்குப் போனேன். பின்னறையில் வேறு யாரோ மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார்கள். பாய் லைனை விட்டுவிட்டு வீட்டையும் காலி பண்ணிப் போய்விட்டார், எங்கே என்று தெரியாது என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஆளே இல்ல, யாருகிட்ட சொல்றது?" என்றேன். கீழ் வீட்டுக்காரர்களிடம் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. அதை அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பெரியவளே, நீ மாதாப்பூரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், ஐ.டி. கார்டை வீட்டில் விட்டுவிட்டுப் போய், டாடி எடுத்துட்டு வாங்க என்று போன் பண்ணினாய். இரண்டு பஸ் மாறி வந்து அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் கேட்டில் நின்றேன். செக்யூரிட்டி ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பிப் பேனாவைக் கொடுத்தார். பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. யூனிபாரம் தோளில் பெரிதாக இருந்தது.

"குஷாய்குடா சாப்!" என்றார்.

அவர்தான் பேசினார். இங்கே வந்து அஞ்சு வருஷம் ஆயிற்றாம். பகல் டியூட்டி. "இப்ப என் வீட்லயும் டிஷ் சாப். மழை வந்தா படம் போயிடுது. யாரைத் திட்டறதுன்னே தெரியல, ஆகாசத்தைத் திட்டறேன்" என்று சிரித்தார்.

நான் சொன்னேன். இத்தனை வருஷமும் பஸ்ஸில் எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தது எதுவும் வரவில்லை. "பாய், அது நம்ம ஸ்டாரு" என்று மட்டும்தான் வந்தது.

"ஹவ்" என்று தலையாட்டினார். "தெரியும். ஸ்டார்ட்டர்ல கண்டென்சரை எடுத்துட்டீங்களா?"

"ஆமா."

"நெனச்சேன்."

"தெரிஞ்சும் அன்னிக்கு ஏன் சொல்லல?"

ஒரு கார் வந்தது. போய்த் தடுப்புக் கட்டையை உயர்த்தி, இறக்கிவிட்டு வந்தார். "சொல்லத்தான் வந்தேன் சாப். நீங்க அந்த வார்த்தை சொன்னீங்க. அதுக்கப்புறம் தாடி வெச்சவன் ஒருத்தன், நடுத்தெருவுல நின்னு, டிசம்பர் மாசம், அந்த ஸ்டாரைக் கழட்டுங்கன்னு சொன்னா? நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். உங்க பசங்க வேற அங்கயே பாத்துட்டு இருந்தாங்க. அதான் ஒயரை நவுத்தி வெச்சேன். அதையும் யாரோ திரும்பக் கட்டிட்டாங்க."

"நான்தான் கட்டுனேன்."

அவர் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க பாய்" என்றேன். அவர் ரிஜிஸ்டரில் நான் எழுதாமல் விட்ட நேரத்தைக் கடிகாரம் பார்த்துத் தானே எழுதினார். பிறகு கேட்டார்: "கீழ ஓனரம்மாவுக்குச் சொன்னீங்களா?"

"இல்ல."

"பேங்க் சாருக்கு?"

"இல்ல. அவரு வேற எடம் போயிட்டாரு."

"ஏழு வருஷமா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, கணக்கு சரிபார்க்கிற மாதிரி கேட்டார். "அப்ப அவங்களுக்கு இன்னும் நான்தான் அந்த ஆளு. உங்க பண்டிகையைக் கெடுத்த ஆளு. லைன் போச்சு, பரவால்ல சாப், எப்படியும் பெரிய கம்பெனி வந்து தின்னிருப்பான். இது அப்படி இல்ல."

அந்த நேரம் நீ கீழே வந்துவிட்டாய். கார்டை வாங்கிக்கொண்டு, "யாரு டாடி?" என்று கேட்டாய். தெரிந்தவர் என்றேன். அவர் உன்னைப் பார்த்து, "பெரிய பொண்ணா ஆயிட்டாங்க" என்றார். நீ தேங்க்யூ அங்கிள் என்று சொல்லிவிட்டு ஓடினாய். நரைத்த தாடியும் யூனிபாரமுமாக நின்றவர் உன்னை அன்று வாசலில் பார்த்த அதே கேபிள் பாய் என்று உனக்கு எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலமே ஓனரம்மாவிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முதலில் எந்தக் கோடு, எந்த வருஷம் என்றே அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு கையை நிறுத்திவிட்டு, "அந்தக் கேபிள் சாய்புவா? அடப்பாவமே. நான் அவனை வாசல்ல வெச்சு அவ்வளவு பேசினேனே பாபு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே நீ சொன்னா நான் ரெண்டு தடவை யோசிக்கணும்" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. தெருவில் பழைய ஆட்கள் இருந்த நாலு வீட்டிலும் போய்ச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் டீ கொடுத்தார். ஒருவருக்கு அந்த பாயை ஞாபகமே இல்லை. உங்களிடம் சொல்ல மட்டும் எனக்கு இவ்வளவு நாள் ஆனது. பேச்சாகச் சொல்ல வராது என்றுதான் எழுதுகிறேன்.

பேங்க் சார் மிச்சம் இருந்தார். அவர் ரிட்டயர் ஆகி போலாரம் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போயிருந்தார். விலாசத்தை ஓனரம்மா தந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், உங்களிடம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்துப் போனேன். மிலிட்டரி முகாமின் சுவரை ஒட்டியே நடந்து, இரண்டு பேரிடம் விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்தேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, மகனிடம் போயிருக்கிறார்கள், வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

வாசற்படியில் உட்கார்ந்தேன். பையில் இருந்த மருந்துக்கடைச் சீட்டின் பின்பக்கத்தில், அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால், எனக்கு வரும் தெலுங்கில் எழுதினேன். அந்த வருஷம் டி.வி.யில் விழுந்த கோடுகள் எங்கள் நட்சத்திரத்தால் வந்தவை, நான் செய்த தப்பு, கேபிள் பாய் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதி, கீழே என் பெயரையும் நம் குஷாய்குடா போர்ஷனையும் குறித்தேன். இரண்டாக மடித்துக் கதவுக்கு அடியில் தள்ளினேன். ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காற்று அடித்தால் போய்விடும் போல இருந்தது. மண்டி போட்டு, விரல் நுழைகிற வரைக்கும் உள்ளே தள்ளினேன்.